முதுகுக்கு ஒரு கோப்பை விஷம்!

"கட்!"

டைரக்டரின் குரல் மைக்கில் அதிர்ந்தது.

விஷம் குடித்துச் செத்துக் கிடந்த அரச குடும்பம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது!

மகாராணி சவுரிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டாள். ராஜமாதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யாராவது தூக்கி விடுங்கப்பா... நிஜமாவே போயிடுவேன் போல" என்றாள். தளபதி மீசையைப் பிய்த்து அங்கிக்குள் போட்டுக்கொண்டு டீ வரும் திசையைப் பார்த்தார்.

அவர்கள் கையிலிருந்து விழுந்த கோப்பைகள் சந்தன நிறக் கம்பளத்தின் மேல் உருண்டு கிடந்தன. கம்பளத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

ராஜா மட்டும் எழவில்லை.

சிம்மாசனத்துக்கு முன்னால் குப்புற விழுந்தவர் விழுந்தபடியே கிடந்தார். பக்கத்தில் அவருடைய கோப்பை. அதன் வாயருகே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஈரம்.

"அண்ணா... பின்னிட்டீங்க!" டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து ஓடி வந்தார். "கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு பாருங்க... இப்படி ஒரு நடிப்பு நீங்க கொடுத்ததே இல்ல!"

ராஜா அசையவில்லை.

"இவ்வளவு பாராட்டுக்கெல்லாம் எழுந்திரிக்க மாட்டாரு. இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லு" என்றாள் மகாராணி.

சுற்றிலும் சிரிப்பு.

டைரக்டர் சிரித்துக்கொண்டே குனிந்து தோளைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது. புரட்டினார்.

ராஜாவின் வாயோரம் நுரை!

"ஐயோ... என்னங்க!"

மகாராணியின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அவள் படத்தில் மட்டும் ராணி இல்லை. ராஜா வேஷம் போட்ட அந்தப் பெரிய நடிகரின் நிஜ மனைவியும் அவள்தான். டைரக்டர், அதே நடிகரின் கூடப் பிறந்த தம்பி. படக் கம்பெனியும் குடும்பச் சொத்து. எடுத்துக்கொண்டிருந்த படமும் ஒரு குடும்பத்தின் கதைதான். ஒரு ராஜ வம்சம் எப்படி மண்ணோடு மண்ணாகப் போனது என்ற கதை.

வாள், கேடயம், கோப்பை என்று செட்டில் உள்ள சாமான்களுக்கெல்லாம் பொறுப்பான ப்ராப்பர்ட்டிக்காரர் ஓடி வந்தார். மூச்சு விடட்டும் என்று ராஜாவின் கிரீடத்தைக் கழற்றினார். ஒட்டுத்தாடியைப் பிய்த்தார்.

பிய்த்தவர் தாடியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது... பெரியவர் இல்லீங்க! நம்ம முதுகு!"

"என்னய்யா இங்க சத்தம்?"

எல்லாரும் திரும்பினார்கள்.

செட்டின் வாசலில், அதே பட்டு அங்கி, அதே கிரீடம், கையில் ஒரு வெள்ளி நிற பிளாஸ்க்...

செத்துப்போன ராஜா உயிரோடு நின்றுகொண்டிருந்தார்!

* * *

செத்தவன் டூப். பெரிய நடிகருக்குப் பதிலாக ஆபத்தான இடங்களில் நிற்பவன்.

அவன் சொந்தப் பெயர் யாருக்கும் சட்டென்று வாயில் வரவில்லை. 'முதுகு' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. பெரியவர் குதிரையில் போனால் திரையில் தெரிவது இவன் முதுகு. மதில் ஏறிக் குதித்தால் இவன் முதுகு. மழையில் நனைந்தாலும் இவன் முதுகு. நனைந்த பிறகு வரும் தும்மல் மட்டும்தான் இவனுடைய சொந்த முகத்துக்கு.

"சயனைடு" என்றார் போலீஸ் டாக்டர், கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு. "உள்ள போன கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருக்கும்."

இன்ஸ்பெக்டர் அம்மாள் செட்டைச் சுற்றிப் பார்த்தார். சிரிக்காத முகம். சிரிக்க வைக்கிற வேலையை அவரோடு வந்த ஏட்டு பார்த்துக்கொள்வார்.

"இத்தனை பேர் கண்ணு முன்னால ஒருத்தன் துடிச்சு செத்திருக்கான். நீங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க?"

"நடிப்புன்னு நெனச்சோம் மேடம்" என்றார் டைரக்டர். குரல் உடைந்திருந்தது.

நாள் முழுக்க நின்ற கால்வலி. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்த சிம்மாசனத்தில் உட்காரப் போனார்.

"அம்மா, வேணாம்!" ப்ராப்பர்ட்டிக்காரர் பதறினார். "அது தெர்மாகோல். உட்கார்ந்தா போயிடும்!"

"பின்ன உங்க ராஜா எப்படி உட்கார்ந்தாரு?"

"உட்கார்ந்த மாதிரி நடிச்சாரும்மா. உள்ளுக்குள்ள ஒரு ஸ்டூல் வெப்போம். இன்னிக்கு ராஜா நின்னுக்கிட்டே சாகணும். அதனால ஸ்டூலை எடுத்துட்டோம்."

"நல்ல ராஜாங்கம்!" என்றார் ஏட்டு. கோப்பையைப் பக்கத்தில் பார்க்க மண்டியிட்டவர், எழும்போது கையைத் தரையில் ஊன்றினார். சிவப்பு ஈரத்தின் நடுவில் சரியாக ஊன்றினார். 'ச்சை' என்று தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"ஏட்டய்யா!"

"மேடம்?"

"தடயத்தைத் துடைச்ச முதல் போலீஸ்காரர் நீங்கதான். அது விஷம்யா! போய் கையைக் கழுவுங்க!"

ஏட்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு கோட்டைச் சுவர் ஆடியது. அட்டைச் சுவர்.

* * *

பெரியவர் தன் கேரவனில் உட்கார்ந்திருந்தார். கிரீடத்தைக் கழற்றவில்லை.

"என்னைக் கொல்லத்தான் பார்த்தாங்க மேடம்! அவன் பாவம்... என் சாவை அவன் வாங்கிக்கிட்டான்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"இது வம்சத்தோட கடைசி ஷாட். கேமரா பின்னால இருக்கு, முதுகுதான் தெரியும், டூப் போதும்னு தம்பி சொன்னான். நான்தான் பிடிவாதமா நானே நிக்கிறேன்னேன். வந்தேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. திரைக்குப் பின்னால அவன் இன்னொரு செட்டு ராஜா டிரஸ்ல தயாரா உட்கார்ந்திருந்தான். 'நீ போய் நில்லுடா'ன்னு சொல்லிட்டு நைசா இங்க வந்து படுத்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா தம்பி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். அதான் சொல்லல."

"அப்ப அங்க நிக்கிறது நீங்கன்னுதான் மொத்த யூனிட்டும் நினைச்சிருக்கு?"

"அதைத்தானே சொல்றேன்! அது எனக்கு வெச்ச கோப்பை!"

"கோப்பை எங்க இருந்துச்சு?"

"சிம்மாசனத்துக்குப் பக்கத்துல. ரெடியா ஊத்தி வெச்சிருந்தாங்க. நான்தான் எடுத்து..." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "என் கையாலயே எடுத்து அவன்கிட்ட கொடுத்தேனே மேடம்!"

"நீங்க அதுல எதுவும் ஊத்தலையே?"

"நான் ஏன் ஊத்தறேன்?"

பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். கை நடுங்கியது. மூடி இரண்டு தடவை வழுக்கியது. சிவப்பாக எதையோ ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார்.

"என்ன அது?"

"மாதுளம் ஜூஸ். என் வீட்டுல, என் கண்ணு முன்னால பிழிஞ்சது. ஷாட்டுல ஊத்தறதைத் தவிர வெளியில ஒரு வாய்த் தண்ணிகூட நான் குடிக்கிறதில்ல. இந்த பிளாஸ்க்கை என் பொண்டாட்டியைக்கூடத் தொட விட மாட்டேன். ராத்திரி தலைமாட்டுலதான் வெச்சுக்குவேன். அவ்வளவு பயம்!"

"யார் மேல பயம்?"

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே டைரக்டரும் மகாராணியும் தலையைக் குனிந்தபடி எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதோ... பார்த்தீங்களா? இதே வேலைதான். எடிட்டிங் ரூமைச் சாத்திக்கிட்டுப் பேசுவாங்க. நான் உள்ள போனா பேச்சு நின்னுடும். அவன் என் ரத்தம் மேடம். நான் தூக்கி வளர்த்தவன். ஆனா கம்பெனி முழுசும் அவன் கைக்கு வரணும்னா நான் நடுவுல இருக்கேனே!"

ஒரு சொட்டுக் கண்ணீர் ஒட்டுத்தாடி வரை வந்து நின்றது.

"படத்துல ராஜா செத்துடறான். அது பத்தல இவங்களுக்கு."

* * *

"படத்தோட கதை என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

டைரக்டர் குழம்பினார். "இப்ப அது எதுக்கு மேடம்?"

"சொல்லுங்க."

"ஒரு ராஜா. தம்பி தன்னைக் கவுக்கப் பார்க்கறான்னு சந்தேகப்பட்டு அவன் தலையை வெட்டிடறான். தம்பிதான் கோட்டைக்கே காவல். அவன் போனதும் எதிரி உள்ள வந்துடறான். மொத்தக் குடும்பமும் விஷம் குடிச்சுடுது."

"தம்பி நிஜமாவே துரோகியா?"

"இல்ல."

"நான் கேட்டது படத்துல இல்ல."

டைரக்டரின் முகம் சுண்டிப்போனது. மகாராணி குறுக்கே வந்தாள்.

"என் கொழுந்தனார் அப்படிப்பட்டவர் இல்ல மேடம்!"

"நீங்களும் அவரும் கதவைச் சாத்திக்கிட்டு என்னம்மா பேசினீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது... குடும்ப விஷயம்."

"நான் பார்த்த முக்கால்வாசிக் கொலை குடும்ப விஷயமாத்தான் ஆரம்பிச்சிருக்கு."

"அண்ணி, சொல்லிடலாமா?" என்றார் டைரக்டர் மெதுவாக.

"வேணாம். அவரு காதுக்குப் போச்சுன்னா உடைஞ்சு போயிடுவாரு."

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. ப்ராப்பர்ட்டிக்காரரைக் கூப்பிட்டார். அவர் சட்டையின் முதுகுப்பக்கம் மூட்டை தூக்கியவனைப் போல நனைந்திருந்தது.

"ராஜா கோப்பையில யாருய்யா ஊத்தினது?"

"யாரும் ஊத்தலம்மா!"

"பின்ன காத்துலேர்ந்து வந்துச்சா?"

"சத்தியமா ஊத்தலம்மா! இது முதுகு ஷாட். கேமரா பின்னால எங்கயோ இருக்கு. கோப்பைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது? காலிக் கோப்பையைத்தான் கொடுப்போம். இந்த ஷாட்டுல எல்லாமே காலிக் கோப்பை. காலையில முகம் தெரியற மாதிரி இதே காட்சியை எடுத்தோம். அப்ப ஊத்தினோம், நிஜமா குடிச்சாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"காலையில ஊத்தினது என்ன?"

"சர்க்கரைத் தண்ணியில கலர். கம்பளம் வாடகைக்கு வந்ததும்மா. கறை பட்டா என் தலையில கட்டுவாங்க. அதனால ஈரத்துணி பட்டதும் போயிடற கலர்தான் கலக்குவேன்."

"பெரியவர் என்ன சொல்றார் தெரியுமா? ரெடியா ஊத்தி வெச்சிருந்ததாம். அவர் வேற எடுத்துக் கொடுத்திருக்கார்."

ப்ராப்பர்ட்டிக்காரர் கேரவன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பெரியவரே சொன்னாருன்னா... நான் என்னத்தைம்மா சொல்றது?"

"ஒண்ணு அவர் பொய் சொல்லணும். இல்ல நீங்க டைரக்டர் சொல்லி விஷத்தை ஊத்தி வெச்சிருக்கணும். டைரக்டர்தானே உங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர்?"

"அம்மா!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்குப் பொம்மை வாள் கூர்மையா இருந்தாலே பயம்மா!"

வெளியே கேட் அருகே பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். 'தம்பியே அண்ணனுக்கு விஷம்?' என்று யாரோ அதற்குள் செல்போனில் செய்தி விட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்கு அழைப்பு வந்தது. பெரியவர் அங்கேயும் பேசிவிட்டார் போலிருக்கிறது.

"தம்பியைக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றது மேலிடம். "ஊரே பார்க்குது."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"டைரக்டர் சார்... ஸ்டேஷன் வரைக்கும் வரணும்."

டைரக்டர் தலையை ஆட்டினார். "ஒரே ஒரு நிமிஷம். முதுகோட பை உள்ள இருக்கு. அவன் வீட்டுல சேர்க்கணும். நான் எடுத்துத் தந்துடறேன்."

சிம்மாசனத்தின் பின்பக்கம் ஒரே மரச் சட்டமும் ஆணியுமாக இருந்தது. முன்னால் தங்கம், பின்னால் தட்டுமுட்டு. ஓர் ஆணியில் செத்தவனின் சட்டையும் ஒரு துணிப்பையும் தொங்கின.

டைரக்டர் பையைத் தொட்ட நேரம்...

பைக்குள்ளிருந்து செல்போன் அலறியது!

* * *

இன்ஸ்பெக்டர் வாங்கிக் காதில் வைத்தார்.

"ஏங்க... எடுக்க இவ்வளவு நேரமா?" ஒரு பெண் குரல். "என்ன சொன்னாரு உங்க அண்ணன்?"

"நான்... இங்க வேலை பார்க்கிறேம்மா."

"ஓ... அவரு ஷாட்ல இருக்காருங்களா? சரிங்க. முடிஞ்சதும் கூப்பிடச் சொல்லுங்க. நேத்து பெரியவர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தாரு. அவரு என்ன முடிவு சொன்னாருன்னு காலையிலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல."

"எதைச் சொன்னாரும்மா?"

அந்தப் பெண் சிரித்தாள். சந்தோஷம் தாங்காத சிரிப்பு.

"அடுத்த படத்துல இவருதாங்க ராஜா! முகத்தோட! டைரக்டர் சார் இவருக்கு வேஷம் போட்டுப் பார்த்துட்டு சரின்னுட்டாரு. யார்கிட்டயும் இப்ப சொல்லாதேன்னும் சொன்னாரு. இவருக்கு மனசு கேட்கல. 'அண்ணனுக்குத் தெரியாம நான் என் முகத்தைக் காட்ட மாட்டேன்'னுட்டு நேரா அவர்கிட்டயே போய்ச் சொல்லிட்டாரு. பைத்தியம்ங்க எங்க வீட்டுக்காரரு!"

இன்ஸ்பெக்டர் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார்.

"எங்க பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டா... எங்கப்பா மூஞ்சி வரப்போகுதுன்னு. ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நானே... அப்புறம் பேசறேன்."

இணைப்பைத் துண்டித்தார். டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த படத்துல முதுகுதான் ராஜாவா? இதுதான் அந்தக் குடும்ப விஷயமா?"

டைரக்டரின் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணாவுக்குக் கை நடுக்கம் மேடம். நரம்பு வியாதி. வாளைப் பிடிச்சா வாள் ஆடுது. வசனமும் நிக்க மாட்டேங்குது. இந்தப் படத்துல பாதிக்கு மேல முதுகுதான் நடிச்சான். அண்ணா மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னுதான் நானும் அண்ணியும் பேசிப் பேசிப் பார்த்தோம். அவர்கிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

"அவருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்க?"

"தெரிஞ்சிருந்தா இந்த செட்டை இந்நேரம் கொளுத்தியிருப்பார்."

அப்போதுதான் ஏட்டு உள்ளே வந்தார். முகம் தொங்கியிருந்தது. கையில் அந்தக் கைக்குட்டை, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்.

"மேடம், கையைக் கழுவிட்டேன். இதையும் சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சுட்டேன். போக மாட்டேங்குது. எங்க கல்யாண நாளுக்கு வீட்டுக்காரி வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்குப் போனா எனக்கு இன்னிக்குக் கச்சேரிதான்!"

"விஷம் பட்ட துணியைத் துவைச்சீங்களாய்யா? உங்களை..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

கவரை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைத் துணியில் கரும்பழுப்பாக, பிடிவாதமாக ஒரு கறை.

"போகவே இல்லையா?"

"உயிரே போயிடும் போல இருக்கு, அது போகல மேடம்!"

அன்று முதல் தடவையாக இன்ஸ்பெக்டரின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"ஏட்டய்யா... உங்களுக்கு நானே புதுசா ஒரு டஜன் வாங்கித் தரேன். எல்லாரையும் செட்டுக்கு வரச் சொல்லுங்க. ராஜாவை முதல்ல!"

* * *

பெரியவர் வரும்போதே கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி... டேய்! உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்? கேட்டிருந்தா கம்பெனியையே எழுதிக் கொடுத்திருப்பேனேடா!"

டைரக்டர் தலை நிமிரவில்லை. மகாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்குகளுக்கு நடுவே வேலைக்காரர்கள் மூச்சு விடாமல் நின்றார்கள்.

"சார், அழறதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டே கேள்வி. அடுத்த படத்துல ராஜா வேஷம் யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? இருபது வருஷமா ராஜா நான்தான்!"

"தம்பி வேற யாரையாவது நினைச்சிருந்தா?"

"எனக்கு எதுவும் தெரியாது. எவனும் என்கிட்ட எதுவும் சொல்லல."

"எவனும் சொல்லல. சரி. ரெண்டாவது கேள்வி. நீங்க இதுக்கு முன்னாடி எப்பவாவது முதுகு ஷாட்டுல நின்னிருக்கீங்களா?"

"நான் ஏம்மா நிக்கணும்?" பெரியவரின் மார்பு விரிந்தது. "என் முகத்துக்குத்தான் ஜனம் வருது. முதுகுக்கெல்லாம் நிக்கத்தான் அவனுக்குச் சோறு போட்டேன்!"

"ஒரு தடவைகூட இல்ல?"

"இல்ல!"

"அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க."

"என்னது?"

"சினிமாவுல முதுகு ஷாட்டுன்னா கோப்பை காலியாத்தான் இருக்கும். சுத்திப் பாருங்க. இத்தனை கோப்பை கீழ விழுந்திருக்கு. ராணி கோப்பை, ராஜமாதா கோப்பை, தளபதி கோப்பை... எங்கயாவது ஒரு சொட்டு? இந்த செட்டுல இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். உங்க தம்பிக்குத் தெரியும். உங்க மனைவிக்குத் தெரியும். இவங்கள்ல யாராவது உங்களைக் கொல்ல நினைச்சா காலையில எடுத்த ஷாட்டுல உங்க கோப்பையில கலந்திருப்பாங்க. காலிக் கோப்பையில விஷத்தை ஊத்தி வெச்சு, ராஜா அதைக் குடிப்பாருன்னு காத்திருக்க மாட்டாங்க."

பெரியவர் கையிலிருந்த பிளாஸ்க்கை இறுகப் பிடித்தார்.

"முதுகு ஷாட்டுலயும் கோப்பையில ஏதாவது இருக்கும்னு நினைக்கிற ஒரே ஆள் இங்க நீங்கதான். ஏன்னா நீங்க அங்க நின்னதே இல்ல. அதான் 'ரெடியா ஊத்தி வெச்சிருந்தாங்க'ன்னு தைரியமா சொன்னீங்க!"

"பொய்! அந்த ப்ராப்பர்ட்டிக்காரன்தான் ஊத்தினான்! என் தம்பி சொல்லி ஊத்தினான்!"

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார்.

"ப்ராப்பர்ட்டி கலர் ஈரத்துணி பட்டா போயிடும். இது சோப்பு போட்டும் போகல. துணியில பிடிச்சா விடாத சாறு சார் இது. மாதுளம் சாறு. இந்த செட்டுல மாதுளம் ஜூஸ் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு."

எல்லார் கண்ணும் அந்த வெள்ளி நிற பிளாஸ்க் மேல் போனது.

"பொண்டாட்டியைக்கூடத் தொட விடாத பிளாஸ்க். நீங்களே சொன்னீங்க. என் முன்னாடி அதுலேர்ந்து குடிச்சீங்க, அதனால பிளாஸ்க்குல விஷம் இல்ல. நல்ல ஜூஸை ஊத்தி, கோப்பையில மட்டும் கலந்திருக்கீங்க. அப்புறம் என்கிட்ட 'நான் ஏன் ஊத்தறேன்'னு கேட்டீங்க. லேப்காரங்க மிச்சத்தைச் சொல்லுவாங்க. இன்னொண்ணு... 'எவனும் என்கிட்ட சொல்லல'ன்னீங்களே? நேத்து அவன் சொன்னான். அவன் பொண்டாட்டி இப்பத்தான் போன்ல சொன்னா."

"அண்ணா..." டைரக்டரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவனைக் கொன்னு, அந்தப் பழியை என் மேல போட்டு... ரெண்டு பேரையும் ஒரே நாள்ல..."

"ஆமாடா!"

பெரியவர் கத்தினார். இந்தப் படம் முழுக்க அவர் இப்படி ஒரு வசனம் பேசியதில்லை.

"என் சோத்தைத் தின்னவன்டா அவன்! என் டிரஸ்ஸைப் போட்டவன், என் தாடியை ஒட்டினவன்... அவன் வந்து என் முன்னால நின்னு, 'அண்ணே, அடுத்த ராஜா நான்தான், நீங்க சரின்னா நடிக்கிறேன்'ங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்! நீ எனக்குத் தம்பி... நீயே என்னை இறக்கிட்டு அவனை ஏத்தப் பார்த்தியேடா! ராஜா நான்டா!"

பெரியவரின் குரல் திடீரென்று இறங்கியது.

"திரைக்குப் பின்னால கூப்பிட்டு ஊத்தினேன். 'இன்னிக்கு நீதான் நடிக்கிற, நிஜமாவே குடிடா'ன்னேன். அவன் கண்ணு கலங்கிடுச்சு. 'எனக்காண்ணே? எனக்கு யாரும் ஊத்த மாட்டாங்களே'ன்னான்..." அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "அவன் எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு அப்பப் புரியல."

"முதுகு ஷாட்டுல கோப்பை காலின்னு அவன் சொல்லித்தான் கொடுத்திருக்கான். நீங்க கேட்கல."

பெரியவர் பழக்கதோஷத்தில் பின்னால் கையை நீட்டி, சிம்மாசனத்தைப் பிடித்து, அதில் உட்கார்ந்தார்.

மடார்!

தங்கச் சிங்கங்கள் இரண்டும் வெள்ளை வெள்ளையாக நொறுங்கின. கிரீடம் உருண்டு ராஜமாதாவின் காலடியில் போய் நின்றது. தெர்மாகோல் குவியலுக்கு நடுவே ராஜா உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று முணுமுணுத்தார் ப்ராப்பர்ட்டிக்காரர்.

* * *

ஜீப் கிளம்பத் தயாராக இருந்தது.

இன்ஸ்பெக்டர் செத்தவனின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது மறுபடி அழைத்து அடங்கியிருந்தது.

"நான் போறேன் மேடம்" என்றார் டைரக்டர். "அவன் வீட்டுக்கு நானும் அண்ணியும் போறோம். எங்க வாயாலதான் சொல்லணும்."

"என்ன சொல்லுவீங்க?"

"அவன் முகத்தை நேருக்கு நேரா எடுத்த டெஸ்ட் ஷாட் என்கிட்ட இருக்கு. படம் தொடங்கறதுக்கு முன்னாடி திரையில அதைத்தான் முதல்ல காட்டுவேன். பேரோட. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல சொன்னது பொய்யாகக் கூடாது."

இன்ஸ்பெக்டர் தலையசைத்து, போனை அவர் கையில் வைத்தார்.

கேட் திறந்தது. பத்திரிகைக்காரர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். கேமரா விளக்குகள் பளிச் பளிச்சென்று அடித்தன.

விலங்கிட்ட கையோடு பெரியவர் சட்டென்று திரும்பி, முகத்தை ஜீப்பின் கதவில் புதைத்துக்கொண்டார்.

"சார்! இந்தப் பக்கம் சார்! முகத்தைக் காட்டுங்க சார்!"

ஏட்டு நடுவில் புகுந்து எல்லாரையும் ஒதுக்கித் தள்ளினார்.

"விடுங்கய்யா... இனிமே அவருக்கு முதுகு ஷாட் மட்டும்தான்!"